செவிவழிக் கணிதமும் அறிவியலும்

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏட்டைக் கண்ணால் கற்பது ஒருவகை. அறிந்தார் உரைக்கக் காதால் கற்பது மற்றொருவகை. இலக்கியத்தையும் சமய நெறியையும் வரலாற்றையும் இவ்விரண்டாம் வழியில் பெறலாம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் கணிதத்தையும் அறிவியலையும் அவ்வாறு பெற முடியுமா என்று வினவினால், முடியாது என்றே பலரும் விடை பகர்வர். கரும்பலகை வேண்டும், சுண்ணக்கட்டி வேண்டும், படம் வேண்டும், எழுதிப் பார்க்கத் தாள் வேண்டும் என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை இல்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறையினர்க்குக் கணிதத்தோடு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். நாமும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணம் மாறிய கதையும் இதனுள் அடங்கும்.

மேல்மலையனூர் என்றதும் அங்காளம்மன் கோயிலும் அமாவாசை இரவின் மக்கள் வெள்ளமும் எவர்க்கும் நினைவில் எழும். அமாவாசை கழிந்தால் அது மானாவாரி நிலமும் மல்லாட்டைக் களமும் கொண்ட அமைதியான ஊர். அவ்வூரிலிருந்தும் அவலூர்ப்பேட்டை, வளத்தி, செஞ்சிப் பகுதிகளிலிருந்தும் நம்மிடம் பயில வரும் மாணவர் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்றவர்கள். இயற்பியலோ கணிதமோ எடுத்துப் படிக்க வந்தபின், ஆங்கிலப் பாடநூலைக் கண்டு மலைத்து, முதற்பருவத் தேர்விலேயே தளர்ந்து, 'இது நமக்கு ஆகாது' என்று வீடு திரும்பியோரை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். மாலையில் வீட்டில் ஐயம் கேட்க ஆளில்லாதவர். அவ்வளவே.

இத்தகையோரின் கையில் இன்று இருப்பது கைப்பேசி ஒன்றே. அதுவும் பல வீடுகளில் தந்தையாருடையது; இரவு உணவுக்குப் பின்னரே மகளின் கைக்கு வருவது. காணொளிப் பாடத்தைப் பார்க்க இணைய அளவு போதாது. ஒலிப்பாடமோ பத்து நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 மெகாபைட் அளவில் அடங்கிவிடும். பேருந்தில் நின்றுகொண்டே கேட்கலாம். மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்கலாம். இவ்வாறு பதிவு செய்து இணையத்தில் வைத்து, வேண்டியோர் வேண்டும்போது கேட்குமாறு அமைக்கும் தொடர் உரைகளையே ஆங்கிலத்தில் 'பாட்காஸ்ட்' என்பர். 2004-ஆம் ஆண்டில் பிறந்த சொல் அது. தமிழில் 'வலையொலி' என வழங்குகின்றனர். வானொலி தன் நேரத்தில் பேசும். வலையொலி நம் நேரத்தில் பேசும். புரியாத இடத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. வகுப்பில் ஆசிரியரை மும்முறை திரும்பச் சொல்லுமாறு கேட்க எந்த மாணவருக்குத் துணிவு வரும்?

வாய்மொழியாய் வந்த கணக்கு

கணிதம் என்றும் எழுத்தின் சொத்தாகவே இருந்ததன்று. நம் திண்ணைப்பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்க ஓதியே மனத்திலேற்றினர். முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால் எனப் பின்னங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. மாகாணி என்பது 16-இல் ஒரு பங்கு. அரைக்கால் என்பது 8-இல் ஒரு பங்கு. பெயர் செவியில் விழுந்த அளவில் அளவும் விளங்கிவிடும். மேலே எது, கீழே எது என்ற குழப்பத்திற்கே இடமில்லை. காரிநாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரமோ கணக்குகளைச் செய்யுளிலேயே யாத்துத் தந்தது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையின் எண்ணிக்கையை அறிய, காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்குமாறு அது கூறும். பண்ருட்டிப் பலா ஒன்றில் இதனைச் சோதித்தோம். கணக்குக்கும் பழத்துக்கும் உடன்பாடு ஏற்படவில்லை என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். ஆயினும் ஒருமுறை கேட்டவர் அவ்விதியை மறப்பதில்லை என்பதும் உண்மை.

இயற்கணிதத்தின் பிறப்பும் இத்தன்மையதே. 820-ஆம் ஆண்டையொட்டிப் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, 'அல்ஜீப்ரா' என்னும் சொல்லுக்கே மூலமான தம் நூலை எழுதியபோது, கூட்டற்குறியோ சமக்குறியோ உலகில் இல்லை. இன்று நாம் இடும் சமக்குறி 1557-இல் இராபர்ட் ரெக்கார்டு என்னும் ஆங்கிலேயர் நூலில்தான் முதன்முதலில் தோன்றியது. அல்-குவாரிஸ்மியின் சமன்பாடுகள் யாவும் முழு வாக்கியங்கள். அவர் கணக்கு ஒன்றை நம் நடையில் இவ்வாறு சொல்லலாம்: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது, அவ்வெண் யாது? பத்தைப் பாதியாக்கினால் 5. அதனை வர்க்கமாக்கினால் 25. அதனோடு 39-ஐக் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து முன்னைய 5-ஐக் கழித்தால் 3. விடை மூன்று. வாசகர் இதனை ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம். தாளும் எழுதுகோலும் இன்றியே இருபடிச் சமன்பாடு ஒன்று தீர்ந்துவிடும்.

மற்றொரு சான்றும் உண்டு. கணித மேதை ஆய்லர் தம் முதுமையில் பார்வையை இழந்தார். 1770-இல் செருமன் மொழியில் வெளிவந்த தம் இயற்கணித நூலை, தையற்றொழில் பயின்றிருந்த இளைஞர் ஒருவருக்கு வாயாற் சொல்லியே எழுதுவித்தார் என்பர். கணிதம் பயிலாத அவ்விளைஞர், எழுதி முடித்தபோது தாமும் இயற்கணிதம் கற்றவரானாராம். கண்ணற்ற ஒருவர் சொல்ல, கணக்கறியாத ஒருவர் கேட்க, இருவருக்குமிடையே பிறந்த நூல் அது! பார்வை இழந்த மாணவர்க்குக் கணிதம் ஆகாது என்று தடுப்போர், இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

வானொலி காட்டிய வழி

தமிழகத்தில் வானொலி தோன்றிய நாள்தொட்டே கல்வி அதனோடு கைகோத்து வந்துள்ளது. 1930 முதல் சென்னை மாநகராட்சி நடத்திய ஒலிபரப்பில் பள்ளிச் சிறுவர்க்கான நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்வகையைப் பற்றித் தஞ்சை உழவர்கள் வானொலிவழி அறிந்து பயிரிட்டனர். அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே மக்கள் பெயரிட்டு வழங்கினர். வேளாண் அறிவியலைச் செவிவழிப் பெற்றுச் செயலிலும் காட்டியவர்கள் எழுத்தறியாத உழவர்கள் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1990-களின் தொடக்கத்தில், மனித இனத்தின் பரிணாம வரலாற்றை நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளாக்கி, அகில இந்திய வானொலியும் நடுவண் அரசின் அறிவியல் பரப்புரை அமைப்பும் பதினெட்டு மொழிகளில் ஒலிபரப்பின.

கணிதத்தையே வானொலியில் கற்பித்த நாடும் உண்டு. நடு அமெரிக்காவிலுள்ள நிகராகுவாவில், 1970-களின் நடுவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் அந்நாட்டுக் கல்வித் துறையுடன் சேர்ந்து தொடக்கப்பள்ளிக் கணக்கை நாள்தோறும் ஒலிபரப்பினர். அவர்கள் கையாண்ட உத்தி எளியது. வானொலிக் குரல் கேள்வி கேட்கும். சில விநாடி அமைதி காக்கும். அவ்விடைவெளியில் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் உரக்க விடை சொல்வர். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். கேட்போர் வாளாவிருக்கவில்லை; பேசினர், எண்ணினர், விரல் மடக்கினர். ஒலிபரப்பு முடிந்ததும் ஆசிரியர் பயிற்சியளித்தார். வழக்கமான வகுப்பில் மட்டும் பயின்றோரைவிட இப்பிள்ளைகள் தெளிவாகவே முன்னேறினர். நாட்டுப்புறப் பிள்ளைகள் பெற்ற பயன் இன்னும் மிகுதி. பின்னர் பல நாடுகள் இம்முறையை மேற்கொண்டன.

தொலைவில் போக வேண்டியதில்லை. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில், அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் 'கல்வி ரேடியோ' என்னும் இணைய வானொலியைத் தோற்றுவித்து, ஆசிரியர்களின் குரலில் பாடங்களை நாட்டுப்புற மாணவர்க்கு எட்டச் செய்தார். காணொளி எட்டாத வீட்டிற்கு ஒலி எட்டும் என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது. நாம் துணிவு பெற்றதும் அதனைக் கண்டே.

ஒலியா, ஒளியா?

மேல்மலையனூர் மாணவர் மூவர், தாமே ஒலிப்பாடம் உருவாக்க முன்வந்தனர். எழுத்துரையைத் திருத்துவது எம் பொறுப்பு. ஒலிப்பதிவுக் கூடம் ஏது? ஒரு மாணவர் வீட்டில் மல்லாட்டை மூட்டை அடுக்கிய அறையே கூடமாயிற்று. மூட்டைகள் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் அவ்வறையில் எதிரொலி எழவில்லை. செலவில்லாத அறிவியல்!

முதற்பாடம் மின்னலும் இடியும். மின்னல் கண்ணிற்பட்ட கணம் முதல் இடி காதில் விழும்வரை விநாடிகளை எண்ணி, மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்தது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதே காரணம். எழுத்துரை பிழையற்று இருந்தது. பதிவைக் கேட்ட பள்ளி மாணவி ஒருத்தி, "ஐயா, ஒலியைவிட ஒலி வேகமானது என்கிறாரே, அது எப்படி?" என்று வினவினாள். திகைத்துப்போனோம். படித்தவர் 'ஒலி', 'ஒளி' இரண்டையும் ஒன்றாகவே ஒலித்திருந்தார். தாளில் இருந்தபோது கண் வேறுபடுத்திக்கொண்டது; காதுக்கு வந்தபோது பாடமே கவிழ்ந்தது.

அன்றுதான் தமிழ்த்துறையின் வேலை எதுவென்று நமக்கு விளங்கிற்று. இவ்வாறான இரட்டைகள் அறிவியல் தமிழில் எத்தனை! 'எண்களின் கணம்' என்பது ஒரு தொகுப்பு. 'எண்ணின் கனம்' என்பது அவ்வெண்ணைத் தன்னாலேயே இருமுறை பெருக்கியது. 'கோள்' வானில் சுற்றுவது. 'கோல்' கையில் பிடிப்பது. 'கோளம்' உருண்டை, 'கோலம்' வாசலில் இடுவது. லகர ளகர ழகரப் பயிற்சியும் ணகர னகர வேறுபாடும் மேடைப் பேச்சின் அழகுக்காகவே என்று எண்ணியிருந்த மாணவர்கள், அவை இயற்பியலின் உண்மைக்கும் வேண்டியவை என்று அன்று கண்டனர். நாவை வளைத்து ளகரம் ஒலிக்கும் பயிற்சி இரண்டு நாள் நடந்தது. ஐயம் தோன்றும் இடங்களில் 'வெளிச்சமாகிய ஒளி', 'சத்தமாகிய ஒலி' என்று முதன்முறை விரித்துச் சொல்லிப் பின்னர்ச் சுருக்குவது என்றும் விதி செய்துகொண்டோம்.

இரண்டாம் பாடம் பின்னங்கள் பற்றியது. அதில் வேறொரு படுகுழி இருந்தது. "ஒன்று பை இரண்டு கூட்டல் மூன்று" என்று மாணவர் படித்தார். கேட்டோரில் சிலர் மூன்றரை என்றனர். சிலர் ஐந்தில் ஒரு பங்கு என்றனர். இருசாராரும் சரியே! தாளில் கோட்டின் நீளமும் அடைப்புக்குறியும் பொருளைக் காட்டிவிடும். பேச்சில் அவை இல்லை. வாய்விட்டு 'அடைப்புக்குறி தொடக்கம், அடைப்புக்குறி முடிவு' என்று ஓதினால் கேட்பவர் தூங்கிவிடுவர்.

தீர்வைத் தமிழ் இலக்கணமே தந்தது. 'இரண்டையும் மூன்றையும் கூட்டி, வந்த தொகையால் ஒன்றை வகுக்க' என்றால் ஐயமே இல்லை. 'ஒன்றை இரண்டால் வகுத்து, அதனோடு மூன்றைக் கூட்டுக' என்றால் அதுவும் தெளிவு. கூட்டி, வகுத்து, பெருக்கி, கழித்து என்னும் வினையெச்சங்கள், எதனை முன் செய்வது, எதனைப் பின் செய்வது என்பதை வரிசைப்படுத்தித் தாமே அடைப்புக்குறிகளாகிவிடுகின்றன. கணக்கதிகாரத்தின் பலாக்கணக்கும் இவ்வாறே நடந்தது என்பதை வாசகர் மேலே கண்டனர். குறியீட்டை அப்படியே வாசிப்பது கணிதத்தைச் சொல்வதாகாது. குறியீடு ஏவும் செயலைச் சொல்வதே கணிதத்தைச் சொல்வது. இச்சிறு விதியைக் கண்டறிய நமக்கு மூன்று வாரம் ஆயிற்று.

நிகராகுவாவினரைப் பின்பற்றிக் கேள்விக்குப் பின் ஐந்து விநாடி அமைதியும் விட்டோம். கேட்டவர்கள் இணையம் அறுந்துவிட்டதென்று கைப்பேசியைத் தட்டத் தொடங்கினர்! பிறகு அவ்விடைவெளியில் மேசையை மெல்லத் தட்டும் ஓசையைச் சேர்த்தோம். ஐந்து தட்டுக்குள் விடை சொல்ல வேண்டும் என்பது சிறுவர்க்கு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பின்னணி இசையும் செயற்கைச் சிரிப்பும் சேர்க்க வேண்டுமென ஒருவர் விரும்பினார். நாம் இசையவில்லை. கணக்கை மறைக்கும் இசை கணக்குக்கு உதவாது.

ஒலியால் மட்டுமே காட்டத்தக்க பாடங்களும் உள. செஞ்சிக் கோட்டையில் உயர்ந்த பாறைச் சுவருக்கு எதிரே நின்று கைதட்டி, தட்டலையும் எதிரொலியையும் பதிவு செய்யலாம். இரண்டுக்கும் இடையே ஒரு விநாடி கழிந்தால், ஒலி போய்வந்த தொலைவு 340 மீட்டர். சுவர் இருப்பது 170 மீட்டரில். இதனை எந்தப் படம் காட்டும்? நம்மை நோக்கி வரும் பேருந்தின் ஒலிப்பான் கூர்மையாகவும், கடந்து சென்றபின் தணிந்தும் கேட்பதை விளக்கவும் ஒலியே ஏற்றது.

அதே நேரத்தில் இதன் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வடிவியல் தேற்றங்கள், வரைபடங்கள், கரிமச் சேர்மங்களின் கட்டமைப்பு, நீண்ட வகைநுண்கணிதம் ஆகியன செவிக்கு அடங்கா. அவற்றிற்குத் தாள் வேண்டும், ஆசிரியர் வேண்டும். ஒலிப்பாடம் ஆசிரியரின் இடத்தைப் பிடிக்கும் என்போர் ஒலிப்பாடத்தையும் அறியார், ஆசிரியரையும் அறியார். கருத்தின் வாயிலைத் திறந்துவிடுவது மட்டுமே அதன் பணி.

கலைச்சொற்களிலும் ஒரு நெறி கொண்டோம். அறிவியல் தமிழுக்கே வாழ்வை ஈந்தவரும் யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பைப் பல்லாண்டு நடத்தியவருமான மணவை முஸ்தபா (1935–2017) அவர்களின் கலைச்சொல் அகராதிகள் நமக்குப் பெருந்துணையாயின. முடுக்கம், உந்தம், நிறை என்று தமிழிற் சொல்லி விளக்கியபின், கல்லூரிப் பாடநூலில் அதனை 'ஆக்சிலரேஷன்', 'மொமெண்டம்', 'மாஸ்' என்று காண்பீர்கள் என ஒருமுறை சொல்லிவிடுகிறோம். தூய தமிழ் ஆர்வலர் சிலர் இதனை விரும்பவில்லை. ஆனால் பாலத்தின் மறுகரை ஆங்கிலத்தில் இருக்கிறது. நடப்பவர் நம் பிள்ளைகள்.

அமாவாசைக் கணக்கு

மூன்றாவது பாடம் அமாவாசை. மேல்மலையனூரில் இதைவிட ஏற்ற பொருள் வேறு இல்லை. ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரி 29½ நாள். பன்னிரண்டு அமாவாசை கழிய 354 நாள். சூரியனைக் கொண்டு கணக்கிடும் ஆண்டோ 365 நாள். வேறுபாடு ஏறத்தாழ 11 நாள். ஆகவேதான் தமிழ் மாதம் ஒன்றில் எப்போதேனும் இரண்டு அமாவாசை வந்துவிடுகிறது. இதே 11 நாள்தான் பிறையைக் கொண்டு எண்ணும் ஹிஜ்ரி ஆண்டிலும் வெளிப்படுகிறது. தமிழகத்தில் ரமலான் முதல் நோன்பு 2023-இல் மார்ச் 24, 2024-இல் மார்ச் 12, 2025-இல் மார்ச் 2. முதல் இடைவெளி 354 நாள், இரண்டாவது 355. ஆண்டுக்கு 11 நாளாக முன்னேறினால் ஏறத்தாழ 33 ஆண்டில் நோன்பு எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். பாடத்தில் இவ்வகுத்தலை மாணவரே செய்யுமாறு ஐந்து தட்டு இடைவெளி விட்டோம். கோயில் திருவிழாவுக்கு வருவோரும் பள்ளிவாசலில் பிறை பார்ப்போரும் ஒரே எண்ணைத்தான் எண்ணிக்கொண்டிருக்கின்றனர் என்பதைக் கேட்டு, ஊர்ப் பெரியவர் சிலர் அப்பாடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்களாம்.

இப்பாடத்தை ஒரு மாணவியின் வீட்டில் இரவு உணவின்போது கைப்பேசியில் உரக்க வைத்துக் கேட்டனர். எழுதப் படிக்க அறியாத அவள் ஆயா, பாடம் முழுவதையும் கேட்டுவிட்டு, "அமாவாசை ராத்திரி நிலா வரலைன்னா, அது அப்ப எங்கதான் இருக்கு?" என்று கேட்டாராம். மாணவிக்கு விடை தெரியவில்லை. மறுநாள் நம்மிடம் வந்து கேட்டாள். எழுத்துரையைத் திருத்திய நமக்கும் உடனே சொல்ல வரவில்லை. இயற்பியல் துறை நண்பரிடம் கேட்டுத் தெளிந்தோம். அன்று நிலா பகலில் சூரியனோடு ஒட்டியே உதித்து, சூரியனோடு ஒட்டியே மறைகிறது. ஒளிபெற்ற பக்கம் சூரியனை நோக்கியிருக்க, இருண்ட பக்கமே நம்மை நோக்குவதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நான்காம் பாடம் அதுவே ஆயிற்று. ஆயாவின் கேள்வியை அவர் குரலிலேயே பதிவு செய்து, பாடத்தின் தொடக்கத்தில் வைத்திருக்கிறோம்.